பிரிந்து வாழும் பெற்றோரும் பிள்ளையும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகனுக்கு ஆறு வயதாக இருந்தபோது நானும் அவனுடைய அப்பாவும் பிரிந்தோம். நான் பாலையூற்றில், அவர் மூதூரில். அதன்பிறகு எட்டு வருடம், ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில், திருகோணமலை பஸ் நிலையத்தில் மகனை அவரிடம் ஒப்படைத்து, ஞாயிறு பின்னேரம் திரும்ப வாங்கிக்கொண்டேன். இப்போது அவன் வளர்ந்துவிட்டான். எங்கள் பகுதி மாதர் சங்கத்தில் நான் இருப்பதால் இதே வழியில் கால் வைக்கும் அம்மாக்களும் சில அப்பாக்களும் வந்து கதைப்பார்கள். சிலரோடு கோட்டுக்கும் துணைக்குப் போகிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு, சட்டத்தில் இருப்பதையும் நான் பட்டு அறிந்ததையும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. உங்கள் வழக்குக்கு எது பொருந்தும் என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டே காலடி எடுத்து வையுங்கள்.

விவாகரத்து இன்னும் எடுக்கவில்லை, பிரிந்து மட்டும் இருக்கிறோம். பிள்ளை யாரிடம் இருப்பது என்று இப்போதே கேட்கலாமா?

கேட்கலாம். விவாகரத்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளையின் கட்டுக்காப்பு, அதாவது பிள்ளை யாருடன் வாழும், அன்றாடம் யார் பார்த்துக்கொள்வது என்ற விஷயம் மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியது. விவாகரத்து வழக்கோ பிரிந்து வாழும் வழக்கோ நடந்துகொண்டிருந்தால், தீர்ப்புக்கு முன்பே பிள்ளையைப் பற்றி இடைக்காலக் கட்டளை கேட்கலாம்.

இடைக்காலக் கட்டளையை அலட்சியமாக விடாதீர்கள். 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்கு மூன்று காரணங்களைச் சொல்கிறது: திருமணத்துக்கு வெளியேயான உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், தாம்பத்திய உறவுக்குத் திருமணத்தின்போதே இருந்த தீராத இயலாமை. இதில் ஒன்றை ஒருவர் மற்றவர்மேல் நிரூபிக்க வேண்டும். அதனால் தவணைக்குமேல் தவணை போகும். முதல் தீர்ப்பு கிடைத்தாலும் அது முழுமையாக ஆக மூன்று மாதமாவது செல்ல வேண்டும். நீங்கள் வழக்குக்குப் போய் வரும் இந்தக் காலத்தில் பிள்ளை இரண்டு வகுப்பு ஏறிவிடும். அந்த நாட்களில் பிள்ளை எங்கே தூங்கும், யார் பள்ளிக்குக் கூட்டிப்போவது என்பதற்கு ஒரு எழுத்து வேண்டும்.

சட்டம் அப்பா பக்கமா, அம்மா பக்கமா?

என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது இதைத்தான். நம் நாட்டில் இந்த விஷயத்தில் பொதுச் சட்டமாக இருப்பது ரோமன் டச்சுச் சட்டம். அதன் பழைய நிலைப்பாட்டில் திருமணம் நிலைத்திருக்கும்வரை அப்பாவின் உரிமைக்கு முன்னிடம் இருந்தது. ஆனால் காலப்போக்கில் நம் மேல்நிலை நீதிமன்றங்கள், பிள்ளையின் நலனே எல்லாவற்றிலும் மேலானது என்ற இடத்துக்கு வந்துவிட்டன. சின்னப் பிள்ளையை அம்மாவிடமிருந்து எடுக்க வலுவான காரணம் வேண்டும் என்பது நடைமுறை. என்றாலும் அம்மா என்பதற்காக மட்டும் கட்டுக்காப்பு கிடைத்துவிடாது.

நீதிபதி பார்ப்பது வேறு விஷயங்களை. இதுவரை பிள்ளைக்குச் சோறு ஊட்டியது யார், காய்ச்சல் வந்தால் இரவில் விழித்திருந்தது யார், பள்ளிக்கூடம் மாறவேண்டி வருமா, அண்ணன் தங்கை பிரிக்கப்படுவார்களா, வேலைக்குப் போகும் நேரத்தில் வீட்டில் யார் இருப்பது, அந்த வீட்டில் அடி உண்டா, குடி உண்டா. கணவன் மனைவிக்கிடையே யார் பிழை செய்தார் என்பது விவாகரத்து வழக்குக்கு முக்கியம். பிள்ளை விஷயத்தில் அது தானாகவே தீர்ப்பாகிவிடாது. மனைவிக்குத் துரோகம் செய்த ஒருவர் பிள்ளைக்கு நல்ல அப்பாவாக இருக்கலாம். இதைச் சொல்லும்போது சில அக்காமார் என்மேல் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. நானும் அப்படிக் கோபப்பட்டவள்தான்.

கட்டுக்காப்பு எனக்குக் கிடைத்தால் எல்லா முடிவும் என்னுடையதா?

அப்படி இல்லை. கட்டுக்காப்பு வேறு, பிள்ளை சார்பில் முடிவெடுக்கும் பாதுகாவலர் என்ற நிலை வேறு. நீதிமன்றம் தனியாக எடுத்துச் சொன்னாலொழிய, கட்டுக்காப்பு ஒருவரிடம் போனதாலேயே மற்றவர் பெற்றோர் என்ற நிலையை இழப்பதில்லை. பிள்ளையின் சொத்து, கடவுச்சீட்டு போன்றவற்றில் அவருடைய கையெழுத்துத் தேவைப்படும் இடங்கள் வரும். பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்கு அவர் வரக்கூடாது என்று அதிபரிடம் போய்ச் சண்டை பிடிப்பதற்கும் இந்தக் கட்டளை உதவாது. தடுக்க வேண்டிய காரணம் உண்மையிலேயே இருந்தால் அதை நீதிமன்றத்தில் சொல்லி, கட்டளையில் எழுதுவித்துக்கொள்ள வேண்டும்.

பொலிஸில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்த கடிதம் இருக்கிறது. அது போதாதா?

நம் பக்கத்தில் இது நிறைய நடக்கிறது. சண்டை பெருத்தால் பொலிஸுக்கோ கோயில் பெரியவர்களிடமோ போவார்கள். 'பிள்ளை அம்மாவிடம் இருக்கட்டும், அப்பா ஞாயிற்றுக்கிழமை பார்க்கட்டும்' என்று எழுதி இரண்டு பேரும் ஒப்பமிடுவார்கள். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், நீங்கள் என்ன ஒத்துக்கொண்டீர்கள் என்பதற்கு அது சான்று. ஆனால் அது நீதிமன்றக் கட்டளை இல்லை. நாளைக்கு ஒருவர் அதை மீறினால், அதை மட்டும் காட்டிப் பிள்ளையை மீட்க முடியாது. இருவருக்கும் உண்மையிலேயே சம்மதம் என்றால் அதே விஷயத்தை மாவட்ட நீதிமன்றத்தில் சம்மதக் கட்டளையாக ஆக்கிக்கொள்ளுங்கள்.

கோயிலில் தாலி கட்டினோம், பதியவில்லை. எனக்கு உரிமை உண்டா?

போர்க்கால இடம்பெயர்வில் நடந்த எத்தனையோ திருமணங்கள் இப்படித்தான். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வழக்கப்படி சடங்கு செய்து நடந்த திருமணம், பதிவு இல்லை என்ற ஒரே காரணத்தால் செல்லாததாகிவிடாது. பதிவு என்பது மிகச் சிறந்த சான்று. அது இல்லாதபோது ஐயர், சாட்சிகள், படங்கள், நீங்கள் கணவன் மனைவியாக வாழ்ந்ததை அறிந்த அயலவர்கள் ஆகியோரை வைத்து நிரூபிக்க வேண்டும்.

திருமணமே நடக்கவில்லை என்றாலும் பிள்ளையின் இயல்பான பாதுகாவலர் அம்மாதான், கட்டுக்காப்பும் அவருடையது. அப்பா யார் என்பது நிரூபிக்கப்பட்டால் அவரிடமிருந்து தாபரிப்பும், அதாவது பிள்ளையின் பராமரிப்புக்கான காசும், கேட்கலாம். வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருந்துவிடாதீர்கள். பிள்ளையின் வயிற்றுக்குப் பதிவுச் சான்றிதழ் தெரியாது.

நாங்கள் முஸ்லிம்கள். காதி நீதிமன்றத்துக்கா போவது?

கிண்ணியாவிலிருந்தும் புல்மோட்டையிலிருந்தும் வரும் சகோதரிகள் இதில் அலைந்து களைத்துவிடுகிறார்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண, விவாகரத்துச் சட்டத்தின்கீழ் விவாகரத்தும் மனைவி பிள்ளைகளின் தாபரிப்பும் காதியிடம், அதாவது முஸ்லிம் குடும்ப வழக்குகளைப் பார்க்கும் நீதிபதியிடம். பிள்ளையின் கட்டுக்காப்பு மட்டும் மாவட்ட நீதிமன்றத்தில். அங்கே முஸ்லிம் சட்டத்தில் சின்னப் பிள்ளை விஷயத்தில் தாய்க்கு உள்ள முன்னுரிமையும் எடுத்துக்கொள்ளப்படும், பிள்ளையின் நலனும் பார்க்கப்படும்.

அவர் பிள்ளைக்குக் காசு தருவதில்லை. அப்படியென்றால் பிள்ளையைக் காட்ட வேண்டாம்தானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பதில் சொல்வேன். வேண்டாம், அப்படிச் செய்யாதீர்கள்.

காசு ஒரு வழக்கு, பார்ப்பது இன்னொரு வழக்கு. தாபரிப்பு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் கேட்பது. நீங்கள் வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே கேட்கலாம், அவர் இருக்கும் ஊருக்கு அலையத் தேவையில்லை. 18 வயதுவரை பிள்ளைக்கு உரிமை உண்டு. அதற்குமேலும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தால் 25 வயதுவரை கேட்கலாம். இயலாமை உள்ள பிள்ளைக்கு வயதெல்லை பார்ப்பதில்லை. கட்டளை வந்தபிறகும் கட்டாவிட்டால் சம்பளத்திலிருந்து பிடிக்கச் செய்யலாம், பிடியாணை எடுக்கலாம், சிறைவரைக்கும் போகும். இவ்வளவு வழி இருக்கும்போது பிள்ளையை ஏன் பணயமாக வைக்க வேண்டும்?

இதே விஷயம் அப்பாமாருக்கும். 'பிள்ளையைக் காட்டாமல் காசு கேட்கிறாள்' என்று கட்டாமல் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையைக் காட்டாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போங்கள். கொப்பிக்கும் சப்பாத்துக்குமான காசை நிறுத்தாதீர்கள்.

பிரிந்த பிள்ளை அம்மா, அப்பா இருவரோடும் ஒழுங்காகத் தொடர்பு வைத்திருப்பதை ஐ.நா.வின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை பிள்ளையின் உரிமை என்றே சொல்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது. 'அவருக்குப் பார்க்க உரிமை இருக்கா' என்று நாங்கள் கேட்கிறோம். 'என் மகனுக்கு அப்பாவைப் பார்க்க உரிமை இருக்கா' என்று மாற்றிக் கேட்டுப்பாருங்கள். எனக்கு அந்த ஒரு மாற்றம் பிடிபட இரண்டு வருடம் எடுத்தது. அந்த இரண்டு வருடத்தில் மகன் இழந்த சனிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கும்.

பார்க்கும் நாட்களைக் கட்டளையில் எப்படி எழுதுவது?

எங்கள் முதல் கட்டளையில் 'மாதம் இரண்டு தடவை, நியாயமான நேரத்தில்' என்று இருந்தது. சட்டத்தரணிகளும் நாங்களும் அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஒத்துக்கொண்டோம். எது நியாயமான நேரம் என்று அடுத்த ஐந்து மாதம் சண்டை பிடித்தோம். அவருக்கு வெள்ளி இரவு நியாயம். எனக்குச் சனி மத்தியானம் நியாயம், ஏனென்றால் காலையில் டியூஷன். கடைசியில் திரும்பவும் கோட்டுக்குப் போய், 'ஒன்றுவிட்ட சனிக்கிழமை காலை 10 மணி, திருகோணமலை பஸ் நிலையம். ஞாயிறு பின்னேரம் 4 மணி, அதே இடம்' என்று மாற்றி எழுதுவித்தோம். அன்றிலிருந்து சண்டை பாதியாகக் குறைந்தது.

ஆகவே நாள், மணி, இடம், யார் கூட்டிவருவது, யார் திரும்பக் கொண்டுவந்து விடுவது எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பிந்தினால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதும் இருக்கட்டும். எங்கள் கட்டளையில் அரைமணி நேரம் என்று போட்டோம், ஆனால் மாரி மழையில் மூதூர் வீதியில் பஸ் பிந்துவது யாருடைய பிழையும் இல்லை. அதனால் மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் என்று நாங்களாகவே பிறகு பேசிக்கொண்டோம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன்பு பாதையில், அதாவது வாகனங்களை ஏற்றும் படகில், ஏறிக் கடந்த காலத்தில் இந்தப் பயணம் ஒரு பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன்.

பள்ளி விடுமுறைகளைத் தனியாக எழுதுங்கள். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறையில் பாதி பாதியா, ஒருவருடம் விட்டு ஒருவருடமா? தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி, நத்தார், பெருநாள் என்று உங்கள் வீட்டில் எது பெரியதோ அதையும். பிறந்தநாளையும் மறக்க வேண்டாம். நாங்கள் பொங்கலை ஒருவருக்கும் தீபாவளியை மற்றவருக்கும் என்று பிரித்து, அடுத்த வருடம் மாற்றிக்கொண்டோம். தொலைபேசியும் அப்படித்தான்: புதனும் ஞாயிறும் இரவு 7 மணிக்கு, பத்து நிமிடம், பிள்ளையோடு மட்டும், குறுக்கே யாரும் கதைக்காமல்.

தொழிலையும் பாருங்கள். கடலுக்குப் போகும் அப்பாவுக்குச் சனி ஞாயிறு என்று ஒன்று இல்லை. மீன்பிடிப் பருவத்தில் ஊர் மாறிப் போகிறவரும் இருப்பார். விடுமுறை கிடைத்தால்தான் ஊருக்கு வரும் படைவீரருக்கோ பொலிஸ்காரருக்கோ ஒன்றுவிட்ட சனி உதவாது. அப்படிப்பட்டவர்களுக்கு 'மூன்று நாளுக்கு முன் அறிவித்து, மாதத்தில் நான்கு நாள்' என்பது போன்ற ஒரு ஒழுங்கைச் சட்டத்தரணியிடம் கேட்டு எழுதுவியுங்கள்.

ஒருவரோடொருவர் முகம் பார்க்க முடியாத நிலை என்றால் பொது இடம் நல்லது. டச்பே கடற்கரையில் பின்னேரத்தில் எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும். பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் மான்கள் மேயும், சின்னப் பிள்ளைக்கு அழுகையை மறக்க அது போதும். பள்ளிக்கூட வாசலில் மட்டும் ஒப்படைக்காதீர்கள். கூடப் படிக்கிற பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

போகமாட்டேன் என்று பிள்ளை அழுகிறது. அனுப்பத்தான் வேண்டுமா?

அழுகைக்குக் காரணம் ஒன்றாக இருப்பதில்லை. அங்கே உண்மையில் பயப்பட ஏதாவது இருந்தால் அடுத்த கேள்வியைப் பாருங்கள், அதில் தாமதம் வேண்டாம்.

ஆனால் பல நேரம் காரணம் எங்கள் பக்கத்தில் இருக்கும். என் மகனுக்கு வெள்ளி இரவு வந்தால் வயிற்றுவலி. நானும் 'பார், அப்பாவிடம் போகப் பயப்படுகிறான்' என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். ஒருநாள் அவன் கேட்டான்: "நான் போனால் நீங்க தனியவா சாப்பிடுவீங்க அம்மா?" அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு தடவையும் பஸ்ஸடியில் நின்று நான் அழுததை அவன் பார்த்துக்கொண்டு போயிருக்கிறான். அடுத்த சனிக்கிழமை என் தங்கச்சியை வீட்டுக்கு வரச்சொன்னேன். "சித்தி வந்திருக்கிறா, நாங்கள் இரண்டு பேரும் புட்டும் மீன்குழம்பும் சமைக்கப் போகிறோம்" என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாவது தடவைக்குள் வயிற்றுவலி நின்றுவிட்டது.

வீட்டிலுள்ள பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள். அம்மம்மாவோ அப்பம்மாவோ பிள்ளையின் காதுபட 'உன் அப்பன்', 'உன் அம்மாக்காரி' என்று கதைப்பதை நிறுத்த வேண்டும். பிள்ளை திரும்பி வந்ததும் 'அங்கே யார் வந்தது, என்ன சொன்னார்கள்' என்று விசாரணை வைக்காதீர்கள். சாப்பாட்டைப் போடுங்கள். சொல்ல வேண்டியதைப் பிள்ளையே இரண்டு நாளில் சொல்லும்.

பிள்ளையின் விருப்பத்துக்கு நீதிமன்றத்தில் இடம் உண்டு. விளங்கும் வயது வந்த பிள்ளையிடம் நீதிபதி தன் அறையில் தனியாகக் கேட்பதுண்டு. 'அம்மாவிடம் இருக்க விருப்பம் என்று சொல்லு' என்று மட்டும் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப் போகாதீர்கள். பிள்ளைகளோடு கதைத்துப் பழகியவர்களுக்கு அது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிள்ளைக்கோ, தானே ஒரு பெற்றோரைக் கைவிட்டேன் என்ற பாரம் நெடுநாள் இருக்கும்.

அங்கே அடி இருக்கிறது, குடி இருக்கிறது. நான் எப்படி அனுப்புவேன்?

அனுப்புவதற்கு முன் நீதிமன்றத்திடம் சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவசரமென்றால் முதலில் 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளை கிடைக்கும். விசாரணைக்குப் பிறகு 12 மாதம்வரை நீடிக்கும் கட்டளை பெறலாம். பிள்ளைக்காகவும் கேட்கலாம். நீங்கள் நேரில் போக முடியாவிட்டால் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் உங்கள் சார்பில் கேட்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

மாவட்ட நீதிமன்றத்திடம், ஒரு பெரியவர் கூட இருக்கும்போது மட்டும் பார்க்கட்டும், இரவு தங்க வேண்டாம் என்று நிபந்தனை கேட்கலாம். காயம் இருந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் காட்டி, அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929, பெண்களுக்கான 1938, உடனடி உதவிக்குப் பொலிஸின் 119. இந்த மூன்றையும் பிள்ளைக்கே மனப்பாடம் பண்ணச் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள்: நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லாதீர்கள், குறிப்பாகப் பிள்ளையைத் தொட்டார் என்ற வகைப் பழியை. அது உண்மையாக இருக்கும் வீடுகளில் பிள்ளைகள் நம்பப்பட வேண்டும். பொய்யாகச் சொல்லப்படும் ஒவ்வொரு பழியும் அந்தப் பிள்ளைகளின் வாயையும் அடைக்கிறது.

ஞாயிறு பின்னேரம் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவரவில்லை. என்ன செய்வது?

முதலில் எடுத்துக் கதையுங்கள். பஸ் கிடைக்காதிருக்கலாம், காய்ச்சலாக இருக்கலாம். பதில் இல்லையென்றால் எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள், திட்டாமல்: 'பிள்ளை 4 மணிக்கு வரவேண்டும், எங்கே இருக்கிறார்?' அந்தச் செய்தியை நாளைக்கு நீதிபதியும் வாசிக்கக்கூடும் என்று நினைத்து எழுதுங்கள். பிறகு கட்டளையின் பிரதியோடு பொலிஸில் சிறுவர், மகளிர் பிரிவில் முறைப்பாடு போடுங்கள். கட்டளை இல்லாவிட்டால், 'இரண்டு பேரும் பெற்றோர், கோட்டுக்குப் போங்கள்' என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

அடுத்த நாள் சட்டத்தரணி மூலம் கட்டளை தந்த நீதிமன்றத்துக்கு அறிவியுங்கள். வேண்டுமென்றே கட்டளையை மீறுவது நீதிமன்ற அவமதிப்பு. பிள்ளையை ஒளித்து வைத்திருந்தால் பிள்ளையை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரும்படி கேட்டு மாகாண மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் போடலாம், அது திருகோணமலையிலேயே இருக்கிறது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்குப் போய்ப் பிள்ளையை இழுத்து வருவதை மட்டும் செய்யாதீர்கள். அப்படி இழுபட்ட ஒரு பெண்பிள்ளை எனக்குத் தெரியும். அவளுக்கு இப்போது கல்யாண வயது, கதவைத் தட்டும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் உள்ளே ஓடிவிடுவாள்.

நான் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனால் பிள்ளையை இழந்துவிடுவேனா?

போவதால் மட்டும் உரிமை போய்விடாது. ஆனால் 'பிள்ளை இப்போது யாரிடம் வளர்கிறது' என்ற கேள்விக்குப் பதில் மாறிவிடும். அம்மம்மாவிடம் விட்டுப் போகும்போது அப்பா வந்து 'நான் இருக்கும்போது ஏன் அம்மம்மா' என்று கேட்டால், அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் எடை உண்டு. வெளியாருக்கு முன் பெற்றோர் நிற்பார்கள். பிள்ளையின் நலன் வேறு விதமாகச் சொன்னால் மட்டுமே பேரன் பேத்தியைத் தாத்தா பாட்டியிடம் ஒப்படைப்பார்கள். எனவே போகுமுன்னே அவரோடு கதைத்து எழுத்தில் ஒரு ஒழுங்கு செய்துவிட்டுப் போங்கள். அதில் நீங்கள் எந்தெந்த நாள் காணொளி அழைப்பு எடுப்பீர்கள் என்பதும் இருக்கட்டும்.

பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விடுவார் என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதென்றால் முன்கூட்டியே செய்யுங்கள். நீதிமன்ற அனுமதியின்றிப் பிள்ளையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, கடவுச்சீட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று கட்டளை கேட்கலாம்.

கொண்டுபோன பிறகு என்றால் 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பிள்ளைக் கடத்தல் பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையை இலங்கையில் நடைமுறைப்படுத்துவது அது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பும்படி நீதி அமைச்சின் ஊடாக விண்ணப்பிக்கலாம். ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிப்பது மிக முக்கியம். அதற்குப் பிறகு பிள்ளை அங்கே வேரூன்றிவிட்டது என்ற வாதம் வரும். இது இரண்டு நாடுகளும் உடன்படிக்கையில் இணைந்திருந்தால்தான் வேலை செய்யும். இந்தியாவும், சவூதி அரேபியா, கட்டார், குவைத், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவையும் அதில் இல்லை. நம் ஆட்கள் அதிகம் போகும் நாடுகள் இவை என்பதால்தான் முன்கூட்டியே தடுப்பதைப் பெரிதாகச் சொல்கிறேன்.

கிடைத்த கட்டளையை மாற்ற முடியுமா?

முடியும். பிள்ளை விஷயத்தில் எந்தக் கட்டளையும் கடைசியானது இல்லை. மறுமணம், வேலை மாற்றம், பிள்ளையின் வயது, நோய் என்று நிலைமை உண்மையில் மாறியிருந்தால் அதே நீதிமன்றத்தில் திருத்தம் கேட்கலாம்.

நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவாராம். வீட்டை எப்படி வைப்பது?

வழக்கமாக வைத்திருப்பதுபோல் வையுங்கள். பெயின்ட் அடிக்கக் கடன் வாங்கியவர்களைக் கண்டிருக்கிறேன். பிள்ளை எங்கே படுக்கும், எங்கே படிக்கும், யார் சமைப்பது, பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஓலைக் கூரை ஒரு குற்றம் இல்லை.

கையில் காசில்லை. சட்டத்தரணி எப்படிப் பிடிப்பது?

1978இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலும் நிலையம் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்காக அவர்களே வழக்குப் பேசுவார்கள். கிராம உத்தியோகத்தரிடம் வதிவிட, வருமான உறுதிக் கடிதம் எடுத்துக்கொண்டு போங்கள். பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகச் சான்றிதழ் இருந்தால் அது, அடையாள அட்டை, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, பிள்ளையின் பள்ளி முன்னேற்ற அறிக்கை, கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

பார்க்கப் போகும் நாளில் பிள்ளையின் பையில் என்ன வைப்பது?

சின்னக் கேள்வி என்று வெட்கப்பட்டுக்கொண்டு கேட்பார்கள். எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். மருந்து குடிக்கும் பிள்ளை என்றால் மருந்தும், எத்தனை மணிக்கு எவ்வளவு என்று எழுதிய துண்டும். வீட்டுப்பாடக் கொப்பி. தூங்கும்போது கட்டிப்பிடிக்கிற பொம்மையோ பழைய சீலைத்துண்டோ இருந்தால் அது கட்டாயம். மற்றவருக்கான திட்டுக் கடிதமோ தாபரிப்புக் கணக்கோ ஒருநாளும் அந்தப் பைக்குள் போகக்கூடாது.

முதல் வருடம் நான் நாலு சோடி உடுப்பு, சவர்க்காரம், துவாய், விசுக்கோத்து என்று பையைத் திணித்துத்தான் அனுப்புவேன், அங்கே ஒன்றும் இருக்காது என்ற எண்ணத்தில். பிறகு அவனுடைய அப்பம்மா மூதூர் வீட்டு அலுமாரியில் அவனுக்கென்று ஒரு லாச்சியை ஒதுக்கி, இரண்டு சோடி உடுப்பும் ஒரு பல்தூரிகையும் வாங்கி வைத்தா. அடுத்த சனிக்கிழமை அவன் கொப்பியையும் பொம்மைக் காரையும் மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான்.